குடும்பப் பெயரை வைத்துக் கப்பலைத் தேடாதீர்கள்

தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் பூட்டன் வந்த கப்பலைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் படியிலேயே. நாயுடு, கோவெண்டர், மூட்லி என்று தங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் தேடுகிறார்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அந்தப் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் உண்டு. குடும்பப் பெயருக்குக் கட்டமே இல்லை.

அது பிறகு ஒட்டிக்கொண்டது. பிறப்பைப் பதியும்போதோ பள்ளியில் சேர்க்கும்போதோ கேட்டார்கள். ஒருவர் தகப்பன் பெயரைச் சொன்னார், இன்னொருவர் சாதிப் பட்டத்தைச் சொன்னார். கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளே ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் மூன்சாமி என்று பிரிந்தது இப்படித்தான். வேறு சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே பட்டத்தை வைத்துச் சாதியை முடிவு செய்யக் கூடாது. கோவெண்டர் என்பது கவுண்டர்தான். கோவிந்தனோடு முடிச்சுப் போடுவது வீண்.

பிடிக்க வேண்டிய நுனி காலனி எண், அதாவது பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் உள்ள எண். வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒப்பந்தம் முடிந்த விடுதலைச் சான்று, பாஸ், பழைய திருமணப் பதிவு, நேட்டாலில் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவற்றில் தேடுங்கள். எண் கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படியுங்கள். குடும்பமாக வந்தவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். தட்டச்சு செய்த பிரதியோடு நிறுத்தாமல் மூலப் பக்கத்தையும் பாருங்கள். தட்டச்சில் எழுத்து மாறியிருக்கலாம்.

எண் கிடைக்காவிட்டால் பெயரைக் காதால் தேட வேண்டும். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். குப்புசாமி 'கூப்சாமி' ஆகலாம், சின்னன் 'சின்னென்' ஆகலாம். க, ச, ப மூன்றும் ஆங்கிலத்தில் k/g, s/ch, p/b என்று எப்படியும் மாறும். வயதும் உத்தேசம்தான், ஐந்து வருடம் முன்னும் பின்னும் தேடுங்கள்.

ஊர் விஷயத்தில்தான் பெரிய பள்ளம். சாவுச் சான்றில் 'மெட்ராஸ்' என்று இருந்தால் அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம். சொந்த ஊர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'வட ஆற்காடு' என்றதும் வேலூருக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: 1911-ல் சித்தூர் ஜில்லா உருவாவதற்கு முன் சித்தூரும் சந்திரகிரியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. தாலுகா அங்கே விழுந்தால் இப்போது அது ஆந்திரம், வீட்டுப் பேச்சு தெலுங்காகவும் இருந்திருக்கலாம். மீதியும் 1989-ல் வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது. தென் ஆற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் ஆனது. நல்லூர், புதூர் எல்லாம் ஊருக்கு ஊர் உண்டு. தாலுகா கட்டத்தைப் படிக்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

எங்கே தேடியும் எண் அகப்படவில்லையா? பூட்டன் சொந்தச் செலவில் வந்த வணிகராக இருக்கலாம். அவர்களுக்கு ஒப்பந்தக் கூலிப் பட்டியலில் இடமில்லை. அப்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர் சொத்துக் கோப்பைக் கேளுங்கள்.