கடைசி மூன்று வாரங்களில் பூத் பணி

தேர்தல் நெருங்கும்போது பொதுக்கூட்டத்தை விட வாக்காளர் பட்டியலே கட்சிக்காரர்களின் முதன்மைக் கருவியாக இருக்க வேண்டும். வாக்குச்சாவடிக்குரிய பாகத்தின் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவையும் அங்கேயே குடியிருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். வெளியூரிலிருந்து வருபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், எந்த வீட்டுப் பிள்ளை திருப்பூரில் வேலை பார்க்கிறான், எந்தப் பாட்டியால் நடக்க முடியாது என்பது தெருக்காரருக்குத்தான் தெரியும்.

நம் ஆதரவாளர், தயங்குபவர், எதிர்ப்பவர் என்று குறித்துக்கொண்ட பிறகு, எதிர்ப்பவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காமல் முதல் இரு பிரிவினரிடமே மீண்டும் செல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்களிடம் இப்போதே பேசினால்தான் அவர்களால் விடுப்பும் பயணச்சீட்டும் ஏற்பாடு செய்ய முடியும்.

பணமோ பரிசோ கொடுப்பது குற்றம். அது வாக்காளரை அவமதிப்பதும் ஆகும் என்பதைத் தொண்டர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை இலவசமாக வண்டியில் ஏற்றிச் செல்வதும் முறைகேடே.

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரம் ஓய்ந்துவிடும். வேட்பாளர் சார்பில் வாக்குச்சாவடிக்குள் அமரும் முகவர்களை நியமிக்கும் படிவம் 10-ஐ அதற்குள் தயார் செய்து, இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர்களை அதிகாலையிலேயே வரச் சொல்லுங்கள். வாக்களித்தவர்களைப் பட்டியலில் குறித்துவந்தால், பிற்பகலில் யார் இன்னும் வரவில்லை என்பது தெரியும். முடிவில், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகலை வாங்காமல் முகவர் வெளியேறக் கூடாது.