கோட்டாற்றை நடந்து பார்ப்பது எப்படி

நாகர்கோவிலுக்குப் பெயர் தந்தது நாகராஜா கோயில். ஆனால் வணிகத்தில் பழுத்தது அந்நகரின் பழைய பகுதியான கோட்டாறு. கிரேக்கப் புவியியலாளர் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் குறித்த 'கோட்டியாரா' இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். ஞாயிறு மட்டும் வேண்டாம்; நாகருக்குப் பால் ஊற்ற வரும் கூட்டத்தில் தூண் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஆவணி ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம்.

உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், எனவே கோயிலில் தொடங்குங்கள். கருவறைக்கு ஓலைக்கூரை; அதைப் பார்த்துவிட்டு மண்டபத் தூண்களுக்கு வாருங்கள். படமெடுத்த பாம்பைக் கண்டதும் 'நாகர்' என்று நகர்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. பாம்புப் படத்தின் கீழே ஆடையோ ஆயுதமோ இல்லாத மனித உருவம் அசையாமல் நின்றாலோ தியானத்தில் அமர்ந்திருந்தாலோ, அது சமணர்களின் 23ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதர். மகாவீரருக்குத் தலைமேல் பாம்பு இராது. 16ஆம் நூற்றாண்டிலும் இங்கே சமணப் பண்டிதர்கள் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இந்தப் பகுதியின் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் கேரள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், அதை கி.பி. ஆண்டாக்க ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்ட வேண்டும். மாதத்தைக் கவனிக்காமல் எப்போதும் 825 கூட்டினால் ஓராண்டு பிசகும்.

அடுத்து சவேரியார் பேராலயம். ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை உள்ளே இருக்கிறது. டிசம்பர் 3இல் முடியும் திருவிழா நாட்களில் நின்று நிதானமாகப் பார்க்க இடம் கிடைக்காது.

பிறகு கோட்டாற்றுச் சந்தையான கம்போளம். வழி கேட்கும்போது இந்தச் சொல்லையே சொல்லுங்கள். 'மார்க்கெட்' என்றால் வடசேரிக்குக் கைகாட்டிவிடக்கூடும். இடலாக்குடிக்கு வெள்ளி மதியம் தவிர எப்போதும் போகலாம், அது ஜும்மா நேரம். சதாவதானி செய்குத்தம்பி பாவலர் 1874இல் பிறந்த ஊர் அது. ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் செலுத்தும் அவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்திக் காட்டியவர் அவர்.

ஒரு தெருவின், ஒரு வீட்டின் வரலாறு வேண்டுமென்றால் பழைய ஆதாரத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தைக் கேளுங்கள். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணையும்வரை இது திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி என்பதால் பல ஆதாரங்கள் மலையாளத்தில் இருக்கும். பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.