போர்ட் வந்த பிறகு கோட் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால்

உப்புவெளியில் மாமா வீட்டுக் கிணற்று மோட்டருக்கு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்) வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். மேல் தாங்கியில் தண்ணீர் குறைந்தால் மோட்டர் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தது, மாமா கோல் எடுத்தார். "தம்பி, தாங்கி வழியுது, மோட்டர் தன்பாட்டில ஓடுது."

காரணம் கோட்டில் பாதி, போர்டில் (சிப் பூட்டிய மின்சுற்றுப் பலகையில்) பாதி. போர்டில் பாதை போட வசதி என்று, மோட்டரை ஓட விடும் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும் மொஸ்ஃபெட்டை (சின்ன மின்னணுச் சுவிட்ச்) சிப்பின் 15ஆம் பின்னில் (காலில்) கொடுத்திருந்தேன். அந்தப் பின்னுக்கு சிப்புக்குள்ளேயே ஒரு புல்-அப் (மின்னழுத்தத்தை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இருக்கிறது, கோட் கைவைக்கும்வரை அது மேலேதான் நிற்கும். என் கோட்டோ முதலில் வைஃபை கிடைக்கட்டும் என்று காத்திருந்து, அதற்குப் பிறகுதான் பின்னைத் தொடும். கரண்ட் வந்ததும் ரவுட்டரும் அப்போதுதான் எழும்புகிறது, அதுவரை மோட்டருக்கு முதலாளி யாரும் இல்லை. போர்டை வரைந்ததும் நான், கோட்டை எழுதியதும் நான், ஆனால் வேறு வேறு வாரத்தில் வேறு வேறு ஆளாக யோசித்திருக்கிறேன்.

வேறு பின்னுக்கு மாற்றி, மொஸ்ஃபெட்டின் கேட் காலிலிருந்து தரைக்கு (கிரவுண்டுக்கு) ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டேன், சரியாகிவிட்டது. சில ரூபாய் சாமான்தான், ஆனால் அதைப் போர்ட் வருவதற்கு முன்னர் யோசித்திருக்க வேண்டும். பின் தெரிவில் இதே மாதிரிப் பொறிகள் இன்னும் உண்டு: சிப் எழும்பும்போது 12ஆம் பின் மேலே இருந்தால், ஃபிளாஷுக்கு (கோட் இருக்கும் நினைவகம்) 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு பல மொடியூல்கள் தொடங்கவே மாட்டா, 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீடு மட்டும்தான், உள் புல்-அப்பும் கிடையாது, ஏடிசி2 (மின்னழுத்தத்தை எண்ணாக அளக்கும் இரண்டாவது பகுதி) பின்களில் வைஃபை ஓடும்போது அளவு எடுக்க முடியாது. வைஃபையை எப்போது ஓட வைப்பது என்பது கோட்காரர் எடுக்கும் முடிவு, ஆனால் அடி விழுவது போர்டுக்கு.

அடுத்தது, வன்பொருள் செய்ய வேண்டியதை மென்பொருளில் சமாளிக்கப் பார்ப்பது. நீர்மட்டம் பார்க்கப் போடும், தண்ணீர் புகாத அல்ட்ராசொனிக் சென்சர் (ஒலி அனுப்பித் தூரம் அளப்பது) பலதுக்கும் சுமார் 20 சென்ரிமீற்றருக்குள் கண் தெரியாது. தாங்கி நிறையும் நேரம், அதாவது சரியான அளவு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான், கண்டபடி எண்கள் வரும். நான் இரண்டு நாள் ஃபில்டர் (பிழையான எண்களைக் கழிக்கும் கோட்) எழுதினேன், பிறகு சென்சரை ஒரு சாண் உயர்த்திப் பூட்டினேன், முடிந்தது. பிறகு அதோடு ரிலே வரிசையில் ஒரு மிதவைச் சுவிட்சும் போட்டேன், கோட் என்ன சொன்னாலும் தாங்கி நிறைந்தால் ரிலேக்கு மின் போகாது.

இது கிணற்று மோட்டருக்கு மட்டும் உள்ள விசயம் இல்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தில், முந்தைய மொடலில் இருந்த தனிப்பட்ட வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். 1985 முதல் 1987 வரை 6 பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு போனது, சிலர் இறந்தார்கள். அதே மாதிரிப் பிழை பழைய மொடலிலும் இருந்ததாம், ஆனால் அங்கே ஃபியூஸ் எரிந்ததோடு நின்றுவிட்டது.

மின்சாரக் கணக்கையும் தனியாகப் போடக் கூடாது. ஆழ் உறக்கத்தில் சிப் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் குடிக்கும் என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு, பற்றரி வருசக்கணக்கில் வரும் என்று தோட்டக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். டெவலப்மென்ட் போர்டில் உள்ள ரெகுலேட்டர், லைட், யூஎஸ்பி சிப் எல்லாம் உறங்குவதில்லை. அவை சேர்ந்து 10 மில்லிஆம்பியர் இழுத்தால் 2,500 மில்லிஆம்பியர்-மணி பற்றரிக்கு 250 மணித்தியாலம், பத்து நாள் சொச்சம்தான். எவ்வளவு அழகாகக் கோட்டை உறங்க வைத்தாலும் இது மாறாது.

இப்போது போர்ட் ஓடர் போடும் முன் ஒரு தாளில் பின் பட்டியல் எழுதுகிறேன்: யார் பயன்படுத்துகிறார், எழும்பும்போது எந்த நிலை, கோட் செத்தால் எந்த நிலை. கடைசி நிரலில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் ஓடர் போவதில்லை. கணினி சிப்போடு பேசும் சீரியல் இணைப்புக்கு, வயர் பிடிக்க மூன்று பாட் (செப்புப் பொட்டு) விடுவதையும் அந்தத் தாளில்தான் ஞாபகப்படுத்துகிறேன். ஒருமுறை விட மறந்து, கச்சான் வெயிலில் தகரக் கூரைமேல் குந்தியிருந்து சிப்பின் காலில் வயர் பிடித்தேன்.