தடுமாறும் முதியவரின் மனசுக்குள்ளிருந்து கதை எழுதுவது எப்படி?

தன்மையில், அதாவது 'நான்' என்று கதை சொல்லத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு ஓர் ஆள்: திண்டுக்கல்–பழநி பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கண்டக்டர். அல்சைமர் என்கிற மறதி நோய். மகன் வீட்டில் இருக்கிறார்.

1. எது போகும், எது நிற்கும் என்று பிரியுங்கள். அல்சைமர் பெரும்பாலும் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான் முதலில் தாக்கும். காலையில் தின்ற இட்லி ஞாபகம் இருக்காது. 1978ல் போய்வந்த ஸ்டேஜ்கள் வரிசையாக வரும். கை பழகிய வேலையும் சீக்கிரம் போகாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மறக்கிற தாத்தா சினிமாவில்தான் இருக்கிறார்.

2. ஒரு தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் வீட்டில் நடப்பது, வலப்பக்கம் அவருக்குத் தெரிவது. எக்செல் வேண்டாம், கட்டம் கட்டமாக யோசிக்க வைத்துவிடும். நாற்பது பக்க நோட்டு போதும்.

3. என்னை ரொம்ப இழுத்தடித்த இடம் இதுதான். ஆரம்பத்தில் சிலருக்குத் தங்கள் மறதி தெரியும். நம் கண்டக்டர் அதைத் தாண்டியவர். அதனால் "பழைய ஞாபகம் வந்தது", "ஏதோ மறந்துபோச்சு" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். அதெல்லாம் மகன் பேசுகிற பேச்சு. அவர் கணக்கில் அவர் சரி, மற்றவர்கள்தான் ஒரு மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

"மணி அஞ்சாச்சு. பையைக் காணோம். வாசல்ல ஒரு பொண்ணு வழிய மறிச்சு நிக்குது. 'மாமா, காபி குடிங்க'ங்குது. டிக்கெட் எடுக்காதவங்க இப்படித்தான் பேச்ச மாத்துவாங்க. 'எங்கம்மா எறங்கணும்?'னு கேட்டேன். அதுக்கு ஏன் கண்ணு கலங்குது? ஒட்டன்சத்திரம்னா சொல்லேன், கிழிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

மருமகள் என்ற சொல்லே இல்லை. 'மாமா' போதும். அடைப்புக்குறிக்குள் விளக்கம் கொடுக்கக் கை துறுதுறுக்கும், கொடுக்காதீர்கள்.

4. ஓட்டையை அவரே அடைக்கட்டும். பை எங்கே? "செக்கிங் இன்ஸ்பெக்டர் வாங்கிட்டுப் போயிட்டான்." இது பொய் அல்ல, மூளை தானாக இட்டு நிரப்புவது, சொல்கிறவர் முழுசாக நம்புவார். அடுத்த பக்கத்தில் அதே பையைப் பக்கத்து வீட்டுக்காரர் திருடியிருக்கலாம்.

5. முக்கியக் காட்சியைச் சாயங்காலத்தில் வையுங்கள். பலருக்குப் பொழுது சாயச் சாயத் தடுமாற்றம் கூடும்.

பின்சேர்க்கை: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பலாமா என்று கருத்துப்பெட்டியில் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் அது அல்சைமர் இல்லை, பெரும்பாலும் டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று ஏதாவது ஒன்றால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். ஒரே நாளில் தெளிவும் குழப்பமும் மாறி மாறி வரும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். காரணத்தைச் சரிசெய்தால் பலரும் மீண்டுவிடுவார்கள். அந்தக் கதைக்கு 2ல் சொன்ன தாளில் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள்.