அவரைக் கொழுந்துல இருந்து ஹோவர் ஃப்ளை வளர்க்கறது எப்படி (நான் கொட்டுன ரெண்டு பாட்டிலும் சேத்தி)

மார்கழிப் பனில அவரைப் பந்தல் பூரா அசுவணி (செடிச் சாறு உறிஞ்சற குட்டிப் பூச்சி) அப்பிக்கும், மருந்தடிக்காம விட்டீங்கன்னா மஞ்சக்கோடு போட்ட ஈ ஒண்ணு வந்து பூ மேல அந்தரத்துல அப்படியே நிக்குமுங்க, அதுதான் ஹோவர் ஃப்ளை. தேனீ இல்லீங்க, கொட்டாது, ரெக்கை ரெண்டேதான். விவசாய புக்குல சிர்பிட் ஈன்னு போட்டிருப்பாங்க, எனக்குக் கிடைச்சது அதுல இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ்ங்கற வகை.

ஸ்டெப் 1: அசுவணி மொய்ச்ச கொழுந்துல தேடுங்க. முட்டை அரிசி நொய் மாதிரி வெள்ளையா, 1 மில்லிமீட்டர்தான். புழுவுக்குக் கால் இருக்காது, இருந்தா அது வேற புழு, விட்ருங்க.

ஸ்டெப் 2: கொழுந்தோட கிள்ளி கண்ணாடி பாட்டில்ல போட்டு வாய்ல பழைய வேட்டித்துணி கட்டுங்க. பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம், உள்ள வேர்த்து புழு ஒட்டிச் செத்துரும். தூக்கறதுக்கு ஜீரோ நம்பர் பெயின்ட் பிரஷ். பாட்டிலுக்கு ஒண்ணுதான், பசிச்சா ஒண்ணையொண்ணு தின்னுரும்.

ஸ்டெப் 3: தினமும் புது அசுவணி போடுங்க. லென்ஸ் வெச்சுப் பாருங்க, தலைய அப்படியும் இப்படியும் ஆட்டித் துழாவும், பட்டதும் கவ்வி மேல தூக்கிப் புடிச்சு உறிஞ்சிட்டு வெறுந்தோலைக் கீழ போடும்.

ஸ்டெப் 4: இங்கதான் ஏமாந்தேன். ஒருநாள் பாட்டில்ல தார் மாதிரி கருப்பா என்னமோ சிந்தியிருக்கு, புழு அசையல, என்ற மாமியார் "அழுகிப்போச்சு, கொட்டு அம்மிணி"ன்னாங்க, கொட்டிட்டேன். ரெண்டாவதும் அதே கதை. மூணாவதைச் சோம்பேறித்தனத்துல ஜன்னல் திட்டுலயே விட்டுட்டேன், மறுநாள் பாத்தா கண்ணாடில தண்ணிச்சொட்டு மாதிரி உப்பி ஒட்டியிருக்கு, கூடு! அத்தனை நாள் தின்னதோட கழிவை உள்ளயே அடக்கி வெச்சிருந்து கூடு கட்டறதுக்கு முன்னாடி மொத்தமா தள்ளுதுங்க. கருப்பா சிந்துனா கை வெக்காதீங்க.

ஸ்டெப் 5: ஒரு வாரம் பத்து நாள்ல ஈ வந்துரும். ரெக்கை விரியட்டும், பொறவு துணிய அவுத்து விடுங்க. கண்ணு ரெண்டும் உச்சில ஒட்டியிருந்தா ஆண்.

அப்டேட்: கமெண்ட்ல ரெண்டு பேரு கூட்டுல இருந்து குளவி வந்துச்சுன்னாங்க. எனக்கும் வந்துச்சு. டிப்ளசான் லெட்டடோரியஸ்னு பேரு, ஈ முட்டையா இல்ல குட்டிப்புழுவா இருக்கறப்பவே உள்ள முட்டை வெச்சிரும். உங்க பாட்டில் மேல தப்பில்லீங்க.

இன்னொருத்தர் மரப்பொந்துத் தண்ணில வால் நீண்ட புழு பாத்தாராம். அதுவும் காட்டு ஹோவர் ஃப்ளை புழுவா இருக்கலாமுங்க, வால்னு தெரியறது மூச்சுக்குழாய். அது அசுவணி தொடாது, அழுகுன தண்ணியத்தான் வடிகட்டித் தின்னும், அதனால அதை வளர்க்கணும்னா பொந்துல இருக்கற தண்ணியும் மக்கும் சேத்தி அள்ளணும், அதுக்கு என்ற பாட்டில் பத்தாது.