மாசியில் ஸ்வெட்டரும் சமையலும் படிப்பும்: ஊட்டியில் நான் பார்க்கும் தவறுகள்

ஊட்டியில் உறைபனி விலகி மாசி வெயில் உறைக்கத் தொடங்கும்போது சரிவுகளில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். பகலில் ஷால் வேண்டியதில்லை. இரவில் கம்பளி இல்லாமல் முடியாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆண்டிலேயே கொஞ்சம் கை ஓய்வது இந்த ஆறேழு வாரங்கள்தான். சித்திரை பிறந்துவிட்டால் சமவெளியிலிருந்து உறவினர் வரத் தொடங்குவார்கள், மே முடியும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. அதனால் பாதியில் நிற்கும் ஸ்வெட்டர், தள்ளிப்போட்ட படிப்பு, ஒழுங்காகச் சமைக்க வேண்டும் என்ற ஆசை எல்லாம் மாசியின் தலையில் வந்து விழுகின்றன.

சனிக்கிழமை மதியம் சிலர் என் வீட்டுக்குப் பின்னல் கற்க வருகிறார்கள். நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை ஒவ்வொருவராகச் செய்வதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். ஒரே லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய) நூலாக வாங்குங்கள், வரிசை முடிவில் கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) எண்ணுங்கள் என்பதையெல்லாம் நூல் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மணிக்கணக்கை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது

"நாலு மணியிலிருந்து அஞ்சு மணிவரை பின்னல், அப்புறம் சமையல், எட்டு மணிக்குப் படிப்பு" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தாள் மூன்று நாள் தாங்காது. ஒரு வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதோடு, அது கையைக் கேட்கிறதா, கண்ணைக் கேட்கிறதா, மனத்தைக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நேராகப் போகும் நிட் வரிசை பழகியபின் கையை மட்டும் கேட்கும். கண்ணிகளை இடம் மாற்றிக் கயிறு முறுக்கியதுபோல் பின்னும் கேபிள் பின்னல் மூன்றையும் கேட்கும். பட்டாணி உரிப்பதற்குக் கை போதும், ஆகவே பாடத்தை ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டே உரிக்கலாம். பின்னிக்கொண்டே உரிக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிலோ பட்டாணி வாங்கினால் அன்று மாலைப் பின்னல் போயிற்று என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கண்ணியை எண்ணுவது இன்னொன்று. இரண்டு எண்ணிக்கை ஒரு தலையில் நிற்காது. டைமர் வையுங்கள்.

கோவையிலிருந்து மணமாகி வந்த ஒரு பெண் பருப்பு வேகும் நேரத்தில் பத்து வரிசை போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். பாத்திரத்தில் வைத்த பருப்பு வேகவே இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. அம்மா வீட்டுச் சமையல் நேரத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் மாலைத் திட்டம் முழுவதும் சரியும்.

மாதிரித் துண்டு போடாமல் தொடங்குவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

முதல் பெரிய ஸ்வெட்டரை அண்ணனுக்காகத் தொடங்கினேன். கோத்தகிரியில் இருக்கிறார், பங்குனியில் பிறந்தநாள். அந்த மாசியில்தான் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழுக்கான ஒப்படைப்புக் கட்டுரைகளும் எழுத வேண்டியிருந்தது. அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்க்க முதலில் பின்னும் சிறு சதுரம்தான் மாதிரித் துண்டு. அதைப் பின்ன ஒரு மாலை, துவைத்துக் காய ஒரு நாள். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று நேரே கண்ணி ஏற்றிவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். மார்பு 40 அங்குலம், தளர்வுக்கு 2 சேர்த்து 42. பேட்டர்னில், அதாவது பின்னல் குறிப்பில், அங்குலத்துக்கு 5 கண்ணி, ஆக 210 கண்ணி, முன்னும் பின்னும் 105. என் கை தளர்வானது. எனக்கு அங்குலத்துக்கு நாலரைதான் விழுந்தது. வெறும் அரைக் கண்ணி. ஆனால் 210-ஐ நாலரையால் வகுத்தால் 46½ அங்குலத்தைத் தாண்டுகிறது. பின்பக்கம் 21 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 23-க்கும் மேல் வந்திருக்கிறது.

இடையில் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள். நேர் ஊசியில் துணி சுருங்கிக் குவிந்து கிடக்கும். அதன்மேல் டேப் வைத்தால் நாம் எதிர்பார்க்கும் அளவையே அது காட்டும். மூன்று அங்குலம் பின்னியதும் கண்ணிகளை ஒரு நீளமான நூலுக்கு மாற்றி, மேசையில் பரப்பி அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் அளக்கவில்லை. சாம்பார் கொதிக்கும்போது நாலு வரிசை, சாதம் வேகும்போது ஆறு வரிசை என்று இருபத்தாறு மாலைகள் பின்னித் தைத்து முடித்தேன்.

அண்ணன் போட்டுப் பார்த்தார். தோள் முழங்கையை நோக்கி இறங்கியது. "நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துவைத்தால் சுருங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இதை நம்பாதீர்கள். சாதாரணமாக அலசிக் காயவைத்தால் கம்பளிக் கண்ணிகள் பெரும்பாலும் விரியத்தான் செய்யும். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி இன்னும் தளரும். வெந்நீரில் அடித்துத் துவைத்தால் சுருங்கும்தான், ஆனால் நீளம் ஒரு பக்கம், அகலம் ஒரு பக்கம் என்று ஒழுங்கில்லாமல் சுருங்கித் துணி தடித்துவிடும். பிறகு அவிழ்க்கவும் முடியாது.

600 கிராம் நூலையும் அவிழ்த்தேன். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. இரண்டு கட்டுரைகளுக்குக் கெடு தாண்டிப்போனது, அந்தத் தாள்களை மறு ஆண்டுதான் எழுத முடிந்தது. இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருடத்தைக் கொடுத்தேன்.

போன மாசியில் ஒருத்தி வந்து, "அக்கா, நேரமே இல்ல, நேரா ஆரம்பிச்சிடறேன்" என்றாள். ஊசியைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். நேரமில்லாதவர்தான் மாதிரித் துண்டு போட்டே ஆக வேண்டும்.

அதே நூல், அதே ஊசி, ஆறு அங்குலச் சதுரம். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவையுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். மாசி வெயிலுக்கு ஒரு நாள் போதும். ஜூன் மழையில் மூன்று நாளும் ஆகும். காய்ந்தபின் ஓரத்தை விட்டு நடுவில் நாலு அங்குலத்துக்குக் கண்ணி எண்ணி நாலால் வகுங்கள். குறைவாக வந்தால் ஒரு அளவு மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் ஒரு அளவு தடித்த ஊசி எடுத்து மறுபடி ஒரு துண்டு. வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வரும் நேர் வரிசைகளை அடுப்பு வேலைக்கு இடையிலும் போடலாம்.

ஊசி எண்ணை நம்புவது

நம் கடைகளில் 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். நம் எண் ஏற ஏற ஊசி மெலியும், அவர்களுடையது தடிக்கும். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

மஞ்சள் கையோடு நூலைத் தொடுவது

கம்பளியில் மஞ்சள் கறையாக நிற்காது, சாயமாகவே இறங்கிவிடும். பதறிப்போய்ச் சோப்புப் போட்டால் சிவக்கும். வெயிலில் மஞ்சள் வெளிறும் என்பது உண்மை. ஸ்வெட்டரின் நிறமும் அதோடு வெளிறும். தாளித்து முடித்தபின் கையைக் கழுவித் துடைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

அடுப்பருகே அக்ரிலிக்

வேண்டவே வேண்டாம். கம்பளி கருகி அணையும். அக்ரிலிக் எரிந்து உருகித் தோலில் ஒட்டும்.

வரிசையைக் குறிக்காமல் எழுந்திருப்பது

எத்தனையாவது வரிசை என்று எழுதிவிட்டு எழுங்கள்.

பங்குனிக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைப்பது

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் மாதம் உங்களுடையது அல்ல. படிப்புக்குக் கெடுவைப் பல்கலைக்கழகம் வைக்கிறது, சமையலுக்கு வயிறு வைக்கிறது. ஸ்வெட்டருக்கு மட்டும் நாமே வைத்துக்கொள்கிறோம், ஆகவே தள்ளிவைக்கக்கூடியது அது ஒன்றுதான். மலையில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குளிர் திரும்பி வரும், அதுவரை பொறுக்கலாம். நான் இப்போது மாசியில் நேர் வரிசை வேலையை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கேபிளும் கழுத்துப் பட்டியும் மழைக்காலத்துக்கு.

அவிழ்த்த நூலைத் தூக்கிப் போடுவது

அவிழ்த்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே மறுபடி பின்னினால் கண்ணி கோணும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் போய்விடும். அண்ணனின் 600 கிராமில் அவர் பிள்ளைகள் இருவருக்கும் ஸ்வெட்டர் பின்னினேன். இரண்டுக்கும் மாதிரித் துண்டு போட்டேன். அந்தத் துண்டுகள் இப்போதும் என் ஊசிப் பெட்டியில் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் அவற்றைத்தான் கையில் கொடுக்கிறேன்.