போடிமெட்டு ஏற்றத்தில் கார் துரத்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, செங்கோட்டைப் பக்கம் யார் குறும்படம் எடுக்கக் கிளம்பினாலும் கதையில் எப்படியாவது ஒரு ஜீப் துரத்தல் வந்து சேர்ந்துவிடும். மலை வாசலிலேயே நிற்கிறது. கேரள எல்லையைத் தாண்டிவிட்டால் தப்பித்தான் என்ற முடிச்சும் கையில் தயாராக இருக்கிறது. ஆனால் எடுத்து, எடிட் செய்து, போட்டுப் பார்த்தால் துரத்தலைக் காணோம். இரண்டு வண்டிகள் தனித்தனியாக வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேகத்தை எடுக்கும் அவசரத்தில் இடைவெளியை எடுக்க மறந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். பார்ப்பவர் மனசு கிலோமீட்டர் கணக்குப் போடுவதில்லை. "இன்னும் எவ்வளவு தூரம், பிடிச்சிருவானா?" என்றுதான் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு தவறிலிருந்து பிறப்பவை.

இடைவெளியை எழுதாமல் ஷாட் பிரிப்பது

ஷாட் லிஸ்டில் "ஜீப் வேகமாக வளைகிறது, கார் பின்னால் வருகிறது" என்று எழுதினால் போதாது. முன் வண்டி ஒரு தடுப்புக்கல்லைத் தாண்டி, பின் வண்டி அதே கல்லைத் தாண்ட எத்தனை வினாடி என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் எழுதுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 11 மீட்டர். 20 மீட்டர் இடைவெளி இருந்தால் பின் வண்டி வர 1.8 வினாடி ஆகும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் அது 43 ஃப்ரேம். அடுத்த ஷாட்டில் இதே இடைவெளி 4 வினாடியாக இருந்தால், பின் வண்டி 44 மீட்டருக்குப் பின்தங்கிவிட்டது என்றுதான் கண் படிக்கும். நீங்கள் நினைத்தது நெருங்குகிறது என்று, திரையில் தெரிவது விலகுகிறது என்று. 4, 3, 2, மறுபடி 3, கடைசியில் 1 என்று வினாடிகளை முதலிலேயே தாளில் வைத்துவிட்டால் எடிட்டர் மேஜையில் மூச்சு முட்டாது.

இந்த நெருக்கத்தைச் சாலையில் நிஜமாக உண்டாக்கப் பார்ப்பது அடுத்த தவறு. 40 கிலோமீட்டரில் டிரைவர் சுதாரித்துக் கால் வைக்கும் ஒரு வினாடியில் 11 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 9, 10 மீட்டர். ஈரமான இறக்கம் என்றால் இந்தப் பத்து இருபதாகிவிடும். ஆகவே முன் வண்டி எதிலாவது முட்டி நின்றால் பின் வண்டிக்குத் தேவையான இடம் காய்ந்த நாளில் 20 மீட்டர், சாரல் நாளில் 30. அதற்குக் கீழே போகாதீர்கள். நெருக்கத்தை லென்ஸ் கொடுக்கும். நேரான துண்டு ஒன்றில் தூரத்தில் நின்று 200 எம்எம் லென்ஸில் எதிர்முகமாக எடுத்தால் 30 மீட்டர் இடைவெளியும் பம்பரோடு பம்பர் ஒட்டியதுபோல் தெரியும். ஆனால் அதே லென்ஸ் வேகத்தைத் தின்றுவிடும், வண்டி நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் இருக்கும். அதனால் அந்த ஷாட்டை இரண்டு, மூன்று வினாடிக்கு மேல் நீட்டக் கூடாது.

வேகத்துக்கு லென்ஸ் வேறு. கேமராவைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இறக்கி, 24 எம்எம் அகல லென்ஸ் போட்டு, கறுப்பு வெள்ளை அடித்த தடுப்புக்கற்கள் ஃப்ரேமின் ஓரத்தில் உரசிப் போகும்படி வையுங்கள். வேகம் என்பது பக்கத்தில் கடந்துபோகும் பொருளால் வருவது. பள்ளத்தாக்கையும் வானத்தையும் பின்னணியாக வைத்தால் 80-ல் ஓட்டினாலும் 30 மாதிரிதான் தெரியும். மலை அழகாக இருக்கிறதே என்று எல்லா ஷாட்டையும் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கொண்டை ஊசி வளைவில் திசையைத் தொலைப்பது

சமதளத்துச் சாலையில் இந்தத் தொல்லை குறைவு. ஓடுகிறவன் திரையில் இடமிருந்து வலமாகப் போனால் துரத்துகிறவனும் அப்படியே போக வேண்டும், கேமரா சாலையின் ஒரே பக்கத்தில் நின்றால் முடிந்தது. போடியிலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சாலையே திரும்பி, திரையில் திசையை மாற்றிவிடும். மேல் அடுக்கில் ஜீப் வலப்பக்கம் போகும்போது கீழ் அடுக்கில் கார் இடப்பக்கம் போகும். இரண்டையும் தனித்தனி நெருக்க ஷாட்டாக மாற்றி மாற்றி வெட்டினால் இரண்டும் நேருக்கு நேர் மோதப் போவதுபோல் இருக்கும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் வளைவையே காட்டுவது: வளைவின் உள்பக்கம் நின்று, வண்டி கேமராவை நோக்கி வந்து, திரும்பி, முதுகு காட்டிப் போகும் வரை வெட்டாமல் ஒரே ஷாட். இன்னொன்று, இரண்டு அடுக்கும் ஒரே ஃப்ரேமில் விழும் உயரத்திலிருந்து ஒரு அகல ஷாட். மேலே ஒருவன், கீழே ஒருவன், எதிரெதிர்த் திசை, ஆனால் ஒரே சாலை. மலைச்சாலை நமக்குத் தரும் மிகச் சிறந்த படம் இதுதான். இதைத் துரத்தல் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

வளைவின் எண் எழுதிய பலகை ஃப்ரேமில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்பதாம் வளைவுக்கு அடுத்து நான்காம் வளைவு வந்தால் தேனி தியேட்டரில் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். செடிகொடியும் காட்டிக்கொடுக்கும். மலையடியில் இருக்கும் முந்தலுக்கு மேலே அடிவாரம் காய்ந்த புதர்க்காடு, உச்சியில் ஏலமும் தேயிலையும். கேரளாவுக்குத் தப்பி ஓடுகிறவன் தேயிலைக்கு அப்புறம் கள்ளிச்செடிக்கு வரக் கூடாது.

1968-ல் சான்பிரான்சிஸ்கோவில் எடுத்த 'புல்லிட்' பட துரத்தல் ஏறத்தாழ 11 நிமிடம். எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு அந்தப் படம் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அதிலேயே ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் பீட்டில் திரும்பத் திரும்பக் கடந்துபோவதைப் பார்க்கலாம், ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து அடுத்தடுத்து வைத்ததால். கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரிலிருந்து கழன்று விழும் வீல் கப்புகளை எண்ணினால் நான்கைத் தாண்டும். அந்தப் படம் அத்தனையையும் தாங்கியது, எந்த நொடியிலும் யார் முன்னே, யார் பின்னே என்ற சந்தேகம் வராததால். நம்மிடம் அந்தத் தெளிவு வரும்வரை ஒவ்வொரு டேக் முடிந்ததும் வண்டியின் நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதே நல்லது: கீறல், சேறு, கண்ணாடி இருக்கும் கோணம், வீல் கப்.

வேகத்தைக் கம்ப்யூட்டரில் அளவுக்கு மீறி ஏற்றுவது

ஃபிலிம் காலத்தில் கேமராவை வினாடிக்கு 24-க்குப் பதில் 20 ஃப்ரேமில் ஓட விட்டால் 40 கிலோமீட்டர் 48 ஆகத் தெரிந்தது. இப்போது அதை எடிட்டில் செய்கிறோம். 10 சதவீதம் வரை யாருக்கும் தெரியாது. 20-ஐத் தாண்டினால் ஜீப்பின் சஸ்பென்ஷன் பொம்மை வண்டிபோல் துள்ளும், புகை படபடக்கும், ஓரத்தில் நிற்கும் ஆள் கை தூக்கினால் சார்லி சாப்ளின் காலத்துப் படமாகிவிடும். ஆள், மாடு, காற்றில் ஆடும் மரம் இருக்கும் ஷாட்டில் வேகத்தைத் தொடவே வேண்டாம்.

வண்டிக்குள்ளே எடுக்கும் ஷாட்டில் நடிகர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஆட்டுவார். ஜன்னலுக்கு வெளியே சாலை நேராக ஓடும். கையை அசைக்காமல் கண்ணை மட்டும் கண்ணாடிக்கு அனுப்பச் சொல்லுங்கள், பயம் தானாக வரும். 'புல்லிட்'டில் பின்கண்ணாடியில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீனின் முகம் தெரிந்தால் ஓட்டுவது அவர். கண்ணாடி திரும்பியிருந்து முகம் தெரியாவிட்டால் ஓட்டுவது ஸ்டன்ட் ஆள். ஒரு கண்ணாடியை வைத்து டூப்பை மறைத்தார்கள். வண்டியை லாரி மேல் ஏற்றி இழுத்துக்கொண்டு எடுத்தால் இன்னொன்றைக் கவனியுங்கள்: எதிரே வரும் பஸ்ஸின் கூரை ஜன்னல் மட்டத்தில் தெரிந்தால் வண்டி தரையில் இல்லை என்று குட்டு வெளிப்பட்டுவிடும். மட்டமான டிரெய்லர் கிடைக்காவிட்டால் கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கிப் பார்க்கவும்.

இறக்கத்தை இறக்கத்திலேயே எடுப்பது

எங்கள் பார்வையில் இதுதான் உயிருக்கு ஆபத்தான தவறு. இறக்கத்தில் ஒரே துண்டை நான்கு தடவை ஓட்டினால் பிரேக் சூடாகிக்கொண்டே போகும். பழைய ஜீப்பில் டிரம் பிரேக், சூடு வெளியேற வழி குறைவு. முதலில் லைனிங் தீயும் வாடை, அப்புறம் பெடல் மெத்தென்று இறங்கும், அப்புறம் ஒன்றுமே பிடிக்காது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 (DOT 4) என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த அளவு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. ஷூட்டிங்குக்கு முந்தின நாளே ஆயிலை மாற்றி, பிரேக் குழாயில் இருக்கும் காற்றையும் எடுத்துவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

அதைவிட நல்ல வழி, இறங்கும் காட்சியையும் ஏற்றத்திலேயே எடுப்பது. அடிவானம் தெரியாத ஃப்ரேமில் சாலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. கேமராவை இரண்டு மூன்று டிகிரி சாய்த்தால் போதும். ஏற்றத்தில் டிரைவர் காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறையும். இழுவை போதாமல் மெதுவாகத் தெரிந்தால், மேலே சொன்ன 10 சதவீதம் அதற்குத்தான் இருக்கிறது.

ஜீப்பைத் தார்ச்சாலையில் சறுக்க வைத்துத் திருப்பப் பார்க்காதீர்கள். உயரம் அதிகம், சக்கரங்களுக்கு இடையே நீளம் குறைவு. டயர் பிடித்துக்கொண்டால் வண்டி கவிழும். சறுக்கல் வேண்டுமென்றால் அகலமான மண் மைதானத்தில் தண்ணீர் அடித்து, 25, 30 கிலோமீட்டரில், அனுபவமுள்ள ஸ்டன்ட் டிரைவரை வைத்து, ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு), ஹெல்மெட், முழு பெல்ட்டோடு எடுக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் எந்த ஆளும் நிற்கக் கூடாது, கேமரா மட்டும் நிற்கலாம். சறுக்கும் வண்டி போய்ச் சேரும் இடம் அதுதான். முதல் ஓட்டம் நடை வேகத்தில், அடுத்தது 20-ல், பிறகுதான் முழு வேகம். மலையில் போன் சிக்னல் வளைவுக்கு வளைவு போய் வரும். வாக்கிடாக்கி இல்லாமல் தொடங்காதீர்கள். "கட்" சொல்ல ஒரே ஒரு குரல்தான் இருக்க வேண்டும்.

நேரமும் அனுமதியும்

போடிமெட்டின் தமிழ்நாட்டுச் சரிவு கிழக்கு பார்த்தது. காலையில் முழு வெயில் விழும், பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் சாலை நிழலாகிவிடும். மேற்குச் சரிவில் இது தலைகீழ். காலையில் இங்கே பாதி, மாலையில் அங்கே மீதி என்று எடுத்தால் ஒளி ஒட்டும். இங்கேயே மாலை வரை இழுத்தால் ஒட்டாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சியில் மஞ்சும் சாரலும், அடிவாரத்தில் வெயில். ஒரே துரத்தலில் இரண்டையும் கலப்பதானால் வண்டி மஞ்சுக்குள் நுழைவதை ஒரு ஷாட்டில் காட்டியாக வேண்டும்.

காலை வெயிலைப் பிடிக்கச் சாலையை அடைக்கலாம் என்று நினைத்தால் அங்கே ஒன்று இடிக்கும். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலை ஜீப்பில் மலையேறி மாலை இறங்குகிறார்கள். ஒரு மணி நேரம் நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று சொல்லி அடைக்கிற விஷயமல்ல இது. அந்த நேரத்தில் ஓரத்தில் நின்று எடுக்கும் ஷாட்டுகள், நிற்கும் வண்டிக்குள் நெருக்க ஷாட்டுகள் என்று வைத்துக்கொண்டு, தோட்ட ஜீப்புகள் ஏறி முடிந்த பிறகு ஐந்து ஐந்து நிமிடமாகச் சாலையைக் கேளுங்கள். குமுளிப் பக்கம் என்றால் கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர் கூட்டம், நினைக்கவே வேண்டாம்.

எல்லையில் அனுமதி ஒன்றல்ல. இந்தப் பக்கப் போலீஸ் தந்த கடிதம் மெட்டைத் தாண்டினால் செல்லாது. காடு தொடங்கும் இடத்தில் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும், டிரோனுக்கும் அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கதைக்காக மாட்டிய கேரள நம்பர் பிளேட்டை அடைத்த சாலைக்குள் மட்டும் வையுங்கள். டீ குடிக்கப் போகும்போதும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒலியில் சறுக்குவது

மண் பாதையில் டயர் கிறீச்சிடாது, கல் தெறிக்கும். டீசல் ஜீப்புக்கு ரேஸ் கார் உறுமலை ஒட்டினால் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு கியர் வண்டி ஏழு தடவை கியர் ஏற்றுவதும் கேட்கும். இன்ஜின் சத்தத்தைத் தனியாக ஒரு நாள் பதிவு செய்யுங்கள்: ஐடில், முதல் கியர் இழுவை, காலை எடுக்கும்போது வரும் சத்தம், கதவு, ஏர் ஹாரன். இவை இருந்தால் பாட்டே வேண்டாம். 'புல்லிட்'டில் துரத்தல் சூடுபிடித்ததும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடுகிறது, அதற்கப்புறம் இன்ஜினும் டயரும்தான் பேசுகின்றன.

வேலை முடிந்ததும் சாலையைத் திறக்கும் முன் கண்ணாடித் துண்டு, சிந்திய ஆயில், ஷாட்டுக்காகத் தூவிய மணல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மணலைக் கூட்டி ஓரத்தில் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள், சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றுங்கள். இருட்டில் மலையேறும் டூவீலர்காரர், எதிரே வரும் லாரிக்கு ஒதுங்குவது அந்த ஓரத்தில்தான்.